கோலமும் ஆட்டமும் ஒரே மரபணு: ஸ்பைடர் பால் பைத்தான் – நிகழ்வு ஆய்வு

சுருண்டு கிடக்கும்போது அந்த ஸ்பைடர் மலைப்பாம்புக் குட்டியிடம் ஒரு குறையும் தெரியாது. 60 கிராம் எடை, விரல் தடிமன், தேன்நிற முதுகில் கறுப்பு நூல் இழுத்துவிட்டதுபோல் கோலம். இடுக்கியில் பிடித்த எலிக்குஞ்சைப் பெட்டிக்குள் நீட்டியதும்தான் விஷயம் வெளியே வரும். தலை எழும்புகிறது. கழுத்து இடமும் வலமுமாக நடுங்கத் தொடங்குகிறது. பாய்கிறது; இரைக்கு இரண்டு விரற்கடை தள்ளிக் காற்றைக் கடிக்கிறது. மறுபடி பாயும்போது கழுத்து திருகிக்கொண்டு, தாடை மேலேயும் உச்சி கீழேயுமாகத் தலை கவிழ்ந்துவிடுகிறது. அப்படியே சில நொடி நிற்கிறது. தலைகீழாக இருப்பதை அது உணர்ந்ததாகவே தெரியவில்லை.

அதே அடையில் பொரிந்த, ஸ்பைடர் கோலம் இல்லாத குட்டி பக்கத்துப் பெட்டியில் முதல் பாய்ச்சலிலேயே இரையைச் சுற்றி வளைத்திருக்கும். இந்த ஆய்வு முழுக்க இந்த இரண்டு குட்டிகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைப் பற்றியதுதான்.

பாம்பும் அதன் வரலாறும்

பைத்தான் ரீஜியஸ் கானா, டோகோ, பெனின் உள்ளிட்ட மேற்கு, நடு ஆப்பிரிக்க நாடுகளின் சிறிய மலைப்பாம்பு. மிரண்டால் தலையை உள்ளே வைத்துப் பந்துபோல் சுருளும். அதனால் அமெரிக்கர்களுக்குப் பால் பைத்தான்; பிரிட்டிஷார் அதை ராயல் பைத்தான் என்பார்கள். (தமிழில் எழுதினால் பால் குடிக்கும் பாம்பு என்று நினைக்கத் தோன்றும். இந்த 'பால்' பந்து.) சாதுவான சுபாவம், கைக்கடக்கமான உடல், 20 ஆண்டுக்கு மேல் போகும் ஆயுள் எல்லாம் சேர்ந்து அதை உலகில் அதிகம் வளர்க்கப்படும் பாம்புகளில் ஒன்றாக ஆக்கின. 1992-இல் முதல் அல்பினோ குட்டிகள் வளர்ப்பில் பிறந்த பிறகு, நிறத்துக்கும் கோலத்துக்கும் ஒரு தனிச் சந்தையே உருவானது. ஒவ்வொரு மரபுவழி நிறவகைக்கும் அங்கே 'மார்ஃப்' என்று பெயர்.

ஸ்பைடர் மார்ஃபின் மூலம் ஒரே ஒரு பாம்பு. 1999-இல் ஆப்பிரிக்காவில் காட்டில் பிடிபட்டு அமெரிக்காவுக்கு வந்தது. நியூ இங்கிலாந்து ரெப்டைல் டிஸ்ட்ரிபியூட்டர்ஸ் வளர்ப்பகத்தில் கெவின் மெக்கர்லி அதைச் சாதாரணப் பாம்புகளோடு இணைத்தபோது, முதல் தலைமுறையிலேயே அதே கோலம் குட்டிகளில் வந்தது. அதாவது ஓங்கு மரபணு; ஒரு பிரதி இருந்தாலே போதும். பின்னடங்கிய (இரண்டு பிரதி இருந்தால்தான் வெளிப்படும்) மார்ஃப் ஒன்றை இரண்டு தலைமுறை காத்திருந்து எடுக்கும் வளர்ப்பாளருக்கு இது பெரிய வரம். ஓர் ஆண் பாம்பை வாங்கினால் அடுத்த ஆண்டே விற்பனைக்குக் குட்டி தயார். வேறெந்த மார்ஃபோடு சேர்த்தாலும் கோலம் புதிதாக ஒரு அழகு காட்டியது. சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான பாம்புகளுக்குள் இந்த மரபணு போய்விட்டது. தலையாட்டமும் கூடவே போனது.

அறிகுறிகள்

வளர்ப்பாளர்கள் மொத்தத்தையும் 'வாபிள்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள். அதற்குள் ஐந்தாறு தனித்தனி அறிகுறிகள் உண்டு: தலை நடுக்கம்; கழுத்து திருகிக்கொண்டு திருப்புளிபோல் சுழல்வது; காரணமின்றி முகவாயைத் தூக்கி வானம் பார்ப்பது; பாய்ச்சல் குறி தவறுவது; கையில் எடுத்தால் பிடிமானம் தளர்வது; கவிழ்த்துவிட்டால் நிமிர மறப்பது. எல்லாம் ஒரே பாம்பில் இருக்கவேண்டும் என்றில்லை. மிக லேசான ஒன்றில் சாப்பாட்டு நேர நடுக்கம் மட்டுமே தெரியும். மோசமான ஒன்றால் தானாகத் தின்னவே முடியாது.

பதற்றம் கூடினால் ஆட்டம் கூடும். ஓய்வாக மறைவிடத்துக்குள் கிடக்கும் பாம்பைப் பார்த்து "இது ஆடாத ஸ்பைடர்" என்று சொல்வதில் அர்த்தமில்லை. விற்பனைப் படங்கள் அத்தனையும் ஓய்வு நிலையில் எடுத்தவை.

முறையான பரிசோதனைக்கு வரிசை முக்கியம். முதலில் தொட்டியைத் திறக்காமல் 10 நிமிடம் வீடியோ. பிறகு மூடியைத் திறந்து, தொடாமல் 2 நிமிடம். அதன்பின் கையில் எடுத்து, இரண்டு கைக்கும் இடையே ஊர்ந்து போகவிட்டு, தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கவேண்டும். கடைசியில் நிமிரும் சோதனை: மடித்த துண்டின் மேல் மெதுவாக மல்லாத்தி விட்டுவிட வேண்டும். நலமான பாம்பு தலையில் தொடங்கி வால்வரை உடனே புரண்டு நிமிர்ந்துவிடும். தயங்கினால், முன்பாதி நிமிர்ந்து பின்பாதி கிடந்தால், நிமிர்ந்ததும் மறுபக்கம் உருண்டுவிட்டால் அப்படியே எழுதி வைக்கவேண்டும். ஒருமுறை போதும். திரும்பத் திரும்பச் செய்தால் பதற்றத்தில் வரும் ஆட்டத்தைத்தான் அளப்போம். இரை எடுப்பதைத் தனி நாளில், தனி வீடியோவாக எடுக்கவேண்டும்; கையாண்ட அன்று பால் பைத்தான் தின்ன மறுப்பது சகஜம்.

பதிவுக்கு நான்கு படி போதுமானது. 0: எதுவும் தெரியவில்லை. 1: உணவின்போதும் கையாளும்போதும் மட்டும் நடுக்கம். 2: ஓய்விலும் தலை சாய்வு, குறி தவறும் பாய்ச்சல், ஆனால் தானே தின்கிறது. 3: திருகல், நிமிர முடியாமை, உதவியின்றித் தின்ன முடியாமை. ஒரே பாம்பை 3 மாத இடைவெளியில் மறுபடி பார்க்கவேண்டும், ஏனென்றால் 0 என்று குறித்தது அடுத்த முறை 1 ஆவது அடிக்கடி நடப்பதே.

வேறு நோயா என்று பிரித்தறிதல்

ஆடும் பாம்பு எல்லாம் ஸ்பைடர் குறை கொண்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரு ஸ்பைடருக்குமே புதிதாக வேறு நரம்பு நோய் வரலாம். "இது வாபிள்தான்" என்று விட்டுவிட்டால் அறையிலுள்ள மற்ற பாம்புகளும் போய்விடும்.

முதலில் விலக்கவேண்டியது உள்ளடக்க உடல் நோய். ரெப்டரீனா வைரஸ் உண்டாக்கும் இந்த நோய் போவா பாம்புகளில் மெதுவாக இழுக்கும். மலைப்பாம்புகளில் நரம்பு அறிகுறிகளோடு வேகமாக முற்றும். ரத்தத்திலும் உணவுக்குழாய்த் துடைப்பிலும் ஆர்டி-பிசிஆர் செய்யவேண்டும், ரத்தப் படலத்தில் அணுக்களுக்குள் உள்ளடக்கங்கள் தெரிகின்றனவா என்று பார்க்கவேண்டும். அடுத்து நஞ்சு: சிற்றுண்ணிக்கு அடித்த பெர்மெத்ரின், அறையில் தொங்கவிட்ட டைக்ளோர்வாஸ் பூச்சிக்கொல்லிப் பட்டை, அளவு மீறிய மெட்ரோனிடசோல் மருந்து. பிறகு சூடு: தெர்மோஸ்டாட் பழுதாகி ஒரு மணி நேரம் கொதித்த தொட்டியிலிருந்து எடுத்த பாம்பும் வானம் பார்க்கும். தலையில் அடி, ரத்தத்தில் பாக்டீரியா தொற்று ஆகியவையும் பட்டியலில் உண்டு.

பிரித்துக் காட்டுவது காலக்கோடு. ஸ்பைடர் குறை பொரித்த நாளிலிருந்தே இருக்கும், வாழ்நாள் முழுக்க ஏறத்தாழ அதே அளவில் ஏறி இறங்கும். நேற்றுவரை நன்றாகத் தின்ற 4 வயதுப் பாம்பு இந்த வாரம் ஆடத் தொடங்கினால் அது ஸ்பைடராகவே இருந்தாலும் தனிமைப்படுத்திச் சோதிக்கவேண்டும்.

காரணம் தேடிய வழி

வளர்ப்பாளர்கள் நெடுங்காலம் மூன்று விளக்கம் சொன்னார்கள். உறவுக்குள் இணைத்ததால் வந்தது, அடைபெட்டியில் சூடு கூடியதால் வந்தது, பராமரிப்புச் சரியில்லை. மூன்றையும் ஒரே அடை முறியடிக்கிறது. ஸ்பைடருக்கும் சாதாரணப் பாம்புக்கும் பிறந்த முட்டைகள் ஒரே அடைபெட்டியில், 31–32 டிகிரி செல்சியஸில், 55–60 நாளில் பொரிகின்றன. சூடும் ஈரமும் தாயும் எல்லாவற்றுக்கும் பொது. ஆட்டம் மட்டும் கோலமுள்ள குட்டிகளோடு நின்றுவிடுகிறது. இதைவிடச் சுத்தமான ஒப்பீட்டுச் சோதனையைக் காசு கொடுத்தாலும் ஏற்பாடு செய்ய முடியாது.

2014-இல் ரோஸ், வில்லியம்ஸ் இருவரும் விலங்கு மருத்துவ இதழொன்றில் இதை ஒரு நலவாழ்வுச் சிக்கலாக எழுதினார்கள். உடற்கூற்று விடை 2022-இல் வந்தது. ஸ்டார்க், பீஸ் ஆகியோரின் ஜெர்மானியக் குழு ஸ்பைடர்களையும் சாதாரணப் பாம்புகளையும் மைக்ரோ சிடி ஸ்கேன் எடுத்து, உட்காதை முப்பரிமாணத்தில் ஒப்பிட்டது. ஸ்பைடர்களில் அரைவட்டக் குழாய்கள், அவற்றின் அடிப்புடைப்புகள், சாக்குலஸ் என்னும் பை மூன்றும் உருவம் பிறழ்ந்திருந்தன.

பாம்புக்கு வெளிக்காது இல்லை என்பதால் உட்காதும் இல்லை என்று பலர் நினைப்பதுண்டு. உட்காது முழுதாக இருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் மூன்று அரைவட்டக் குழாய்கள். தலை திரும்பினால் உள்ளிருக்கும் திரவம் பின்தங்கி, அடிப்புடைப்பிலுள்ள மயிரணுக்களை வளைக்கும். எந்தத் திசையில் எவ்வளவு வேகமாகத் திரும்பினோம் என்ற செய்தி அங்கிருந்து போகிறது. சாக்குலஸில் சுண்ணாம்புக் கல் ஒன்று படுத்திருக்கும். அது எந்தப் பக்கம் அழுத்துகிறதோ அந்தப் பக்கம் 'கீழே'. குழாயின் வடிவம் கெட்டால் திரவ ஓட்டம் கெடும், மூளைக்குத் தவறான வேகம் போய்ச் சேரும், கழுத்துத் தசை அந்தத் தவறைத் திருத்தப்போய் மறுபக்கம் இழுக்கும். நடுக்கம் அதுதான். பை கெட்டால் கீழ் எது என்பதே குழம்பும். தலைகீழாக நின்றும் உணராத அந்தக் குட்டியின் நிலை அதனால் வருவது. கால் உள்ள பிராணி பாதத்தைத் தரையில் ஊன்றி ஓரளவு சமாளிக்கும். உடலின் முன்பகுதியை அந்தரத்தில் நிறுத்திப் பாயும் பிராணிக்கு அந்த வசதி கிடையாது.

தோலின் கோலத்துக்கும் காதுக்கும் என்ன உறவு? நிறமி அணுக்கள் கருவில் நரம்பு முகடு என்னும் திசுவிலிருந்து புறப்பட்டு உடல் முழுக்க நகர்ந்து போகின்றன. உட்காதின் உருவாக்கத்திலும் அதே திசுவுக்குப் பங்குண்டு. பயணத்தைக் கெடுக்கும் மரபணு இரண்டு இடத்திலும் தடம் விடும். டால்மேஷியன் நாய்களிலும் நீலக்கண் வெள்ளைப் பூனைகளிலும் செவிட்டுத்தன்மை அதிகம் காணப்படுவது இதே குடும்பத்துச் சிக்கல்.

இங்கேதான் வளர்ப்பாளர்களின் பெரிய நம்பிக்கை உடைகிறது. "நல்ல ரத்தத்தோடு வெளிக்கலப்பு செய்தால் ஆட்டம் போய்விடும்" என்று 20 ஆண்டாக முயன்றார்கள். உறவுக்கலப்பால் வந்த குறையென்றால் வெளிக்கலப்பு தீர்க்கும். பக்கத்துப் பக்கத்து மரபணு இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தால், எண்ணற்ற தலைமுறைகளில் எப்போதாவது பிரிந்திருக்கும். ஒரே மரபணு கோலத்தையும் குறையையும் சேர்த்தே செய்தால் பிரிக்க எதுவும் இல்லை. ஆடாத பெற்றோரைத் தேர்ந்தெடுத்து இணைப்பதும் உதவவில்லை. படி 1 தாய்க்குப் படி 3 குட்டி பிறக்கிறது. தீவிரம் குட்டிக்குக் குட்டி மாறுகிறது, தேர்வுக்கு வளைந்து கொடுப்பதில்லை.

இரண்டு பிரதி கிடைத்தால்

ஸ்பைடரை ஸ்பைடரோடு இணைத்தால் நான்கில் ஒரு முட்டைக்கு இரண்டு பிரதியும் போகும். அப்படி ஒரு பாம்பு உயிரோடு வளர்ந்ததாக நிரூபிக்கப்பட்டதில்லை. கருவிலேயே இறந்துவிடுகின்றன என்பதே பொதுவான முடிவு. நிரூபிக்கும் வழி எளிது: அப்படிப்பட்ட பாம்பைச் சாதாரணத்தோடு இணைத்தால் குட்டிகள் அத்தனையும் ஸ்பைடராக வரவேண்டும். ஒற்றைப் பிரதிப் பாம்புக்கு 6 குட்டியும் தற்செயலாக ஸ்பைடராக அமையும் வாய்ப்பு 64-இல் 1 மட்டுமே.

இவ்வளவு எளிதான கேள்வி ஏன் இத்தனை ஆண்டு சர்ச்சையாகக் கிடந்தது? அடை சிறியது. 6 முட்டையில் இரட்டைப் பிரதி சராசரியாக ஒன்றரை முட்டைக்குத்தான் போகும். ஒன்றுக்குக்கூடப் போகாமல் தப்பும் வாய்ப்பே ஏறத்தாழ 18 சதவீதம். மீதியில் ஒன்று கெட்டுப்போனால் 'ஸ்லக்', அதாவது கருக்கூடாத முட்டை, என்று தூக்கி எறிந்துவிடுவார்கள். பொரித்த 30 குட்டியை எண்ணினாலும், இரட்டைப் பிரதி சாகிறது என்றால் 20 ஸ்பைடர், வாழ்கிறது என்றால் 22 அல்லது 23. இரண்டு மூன்று குட்டி வித்தியாசத்தை யாரும் கண்ணால் கண்டுபிடித்துவிட முடியாது. பொரிக்காத முட்டைகளைத் திறந்து, கரு எந்த வளர்ச்சியில் நின்றது என்று எழுதி வைத்தவர்கள் சிலரே.

ஷாம்பெயின், ஹிடன் ஜீன் வோமா என்னும் மார்ஃப்களிலும் இரட்டைப் பிரதி உயிரோடு தங்குவதில்லை. ஒற்றைப் பிரதியிலும் ஆட்டம் உண்டு. இவற்றைத் தமக்குள்ளோ ஸ்பைடரோடோ கலப்பது கூடவே கூடாத காரியம். சூப்பர் சினமன், சூப்பர் பிளாக் பேஸ்டல் ஆகியவற்றில் ('சூப்பர்' என்றால் இரட்டைப் பிரதி) வாத்து அலகுபோல் அமுங்கிய மூக்கும் முதுகெலும்பு வளைவும் வேறு வகைத் தொல்லை. கேரமல் அல்பினோவிலும் முதுகு கோணல் வரும். ஆனால் அடைபெட்டிச் சூடு கூடினாலும் கோணல் வரும் என்பதால், அங்கே சூட்டுப் பதிவேடு இல்லாமல் மரபணுவைக் குற்றம் சொல்ல இயலாது. பல்லிகளிலும் இந்தக் கதை உண்டு: லெமன் ஃப்ராஸ்ட் என்னும் சிறுத்தைப் பல்லி வகையில் நிறத்தைத் தரும் மரபணுவே தோலில் நிறமிப் புற்றைக் கொண்டுவருகிறது. 2021-இல் அது ஸ்பிண்ட்1 என்னும் மரபணுவோடு இணைத்துக் காட்டப்பட்டது.

சந்தையில் நடந்தது

பிரிட்டனின் இன்டர்நேஷனல் ஹெர்பெட்டாலஜிக்கல் சொசைட்டி தன் கண்காட்சிகளில் ஸ்பைடர் விற்பனையை 2018 முதல் தடை செய்தது. ஜெர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் 11பி பிரிவு, பிறக்கும் குட்டி வலியோ குறையோ படும் என்று எதிர்பார்க்கத்தக்க இனப்பெருக்கத்தையே தடுக்கிறது. அமெரிக்காவில் அப்படிப் பொதுத்தடை இல்லை, விற்பனை தொடர்கிறது.

ஆதரிப்போரின் வாதத்தையும் சொல்லவேண்டும். பெரும்பாலான ஸ்பைடர்கள் தின்கின்றன, வளர்கின்றன, இணைகின்றன, நீண்ட காலம் வாழ்கின்றன; வலி இருப்பதாகக் காட்ட அளவுகோல் இல்லை. உண்மைதான். ஆனால் எலி பொந்துக்குள் பாய்ந்து பிடிக்கவேண்டிய ஒரு வேட்டைப் பிராணிக்குக் கீழ் எது மேல் எது என்று தெரியாமல் போவதை 'சிறு விநோதம்' என்று விளம்பரத்தில் எழுதுவது நேர்மையில்லை. தின்பது நலத்தின் கீழ் எல்லை மட்டுமே.

ஒரு நல்ல செய்தியும் இதே மரபியலில் இருக்கிறது. ஓங்கு மரபணு என்பதால் ஸ்பைடர் அல்லாத உடன்பிறப்பு எதையும் சுமப்பதில்லை. "ஸ்பைடர் ரத்தம்" என்று அவற்றை ஒதுக்கத் தேவையே இல்லை. உலகம் முழுக்க இணைப்பதை நிறுத்தினால் ஒரே தலைமுறையில் இந்த மரபணு வளர்ப்பிலிருந்து போய்விடும். பைபால்டு என்னும் வெள்ளைத் திட்டு மார்ஃப்போல் பின்னடங்கிய வகையை அப்படி அகற்ற முடியாது. ஸ்பைடரை வெளியே தெரியாமல் சுமப்பதில் ஒரே விதிவிலக்கு, நீலக்கண் லூசிஸ்டிக் போன்ற முழுவெள்ளைப் பாம்புகள். கோலமே இல்லாத அந்த வெள்ளைக்குள் ஸ்பைடர் ஒளிந்திருக்கும். ஆட்டம் ஒளியாது.

வாங்குவோர் பெயரில் ஏமாறுவது அதிகம். பட்டியலில் 'ஸ்பைடர்' என்ற சொல்லே இருக்காது. பம்பிள்பீ என்றால் பேஸ்டல் என்னும் மார்ஃபும் ஸ்பைடரும் கலந்தது. கில்லர் பீ என்றால் சூப்பர் பேஸ்டலும் ஸ்பைடரும். ஸ்பின்னர் என்றால் பின்ஸ்ட்ரைப் என்னும் மார்ஃபும் ஸ்பைடரும். 'பீ' என்று முடிந்தால் உள்ளே ஸ்பைடர் இருப்பதாகவே வைத்துக்கொள்ளலாம். பெற்றோர் இருவரின் மார்ஃப், இரை எடுக்கும் வெட்டாத வீடியோ இரண்டையும் கேட்கவேண்டும்.

இந்தியாவில் இன்னொரு அடுக்கு உண்டு. பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் பால் பைத்தான்கள் சென்னை விமான நிலையத்தில் பலமுறை சிக்கியுள்ளன. இந்த இனம் வனவுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் 2-ஆம் இணைப்பில் உள்ளது. 2022-இல் திருத்திய வனவிலங்குச் சட்டப்படி வைத்திருப்போர் பதிவு செய்யவேண்டும். பெட்டியில் கடத்தி வந்த குட்டிக்குப் பெற்றோர் விவரம் கேட்டு யாரிடம் போவது?

ஏற்கெனவே இருக்கும் பாம்புக்கு

குணப்படுத்தும் மருந்து கிடையாது. வைட்டமின் ஊசியால் உருவம் கெட்ட எலும்புக் குழாய் சீராகாது. செய்யக்கூடியது தூண்டுதலைக் குறைப்பது. சூடான முனை 31–33, குளிர் முனை 25–27 டிகிரி, தெர்மோஸ்டாட்டில் நிலையாக. ஏற்ற இறக்கமும் ஆட்டத்தைக் கூட்டலாம். இரண்டு முனையிலும் உடல் சுவரில் உரசும் அளவுக்கு இறுக்கமான மறைவிடம். நாலாபுறமும் தொடுகை கிடைத்தால் திசை உணர்வுக்கு அது ஊன்றுகோல். தரையில் வழுக்கும் காகிதத்துக்குப் பதில் பிடிமானமுள்ள தென்னைநார்த் துகள். உயரமான கிளை வேண்டாம், விழும். நிமிர முடியாத பாம்புக்குத் தண்ணீர்க் கிண்ணம் ஆழமற்றதாக இருக்கவேண்டும். தலை கவிழ்ந்து மூழ்கும் ஆபத்து உண்டு.

உயிருள்ள எலி ஒருபோதும் போடக்கூடாது. குறி தவறிய பாம்பை எலி திருப்பிக் கடிக்கும். உறைய வைத்து இளக்கிய இரை, பாம்பின் எடையில் 10 சதவீதம் அளவில், நீண்ட இடுக்கியில் பிடித்து மூக்குக்கு மிக அருகே அசையாமல் நீட்டவேண்டும். எல்லோரும் இங்கே தவறுவது இரையை ஆட்டிக் காட்டுவதில்தான்; ஆட்டினால் பாம்பும் சேர்ந்து ஆடும். இரண்டு முறை தவறினால் இரையை மறைவிட வாசலில் வைத்துவிட்டு அறையை இருட்டாக்கி விலகிவிட வேண்டும். வாரம் ஒருமுறை எடை. இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தக்கூடாது.

படி 3-இல் நின்று, உதவியோடும் எடை இறங்கிக்கொண்டே போகும் குட்டிக்கு ஊர்வன அறிந்த மருத்துவரிடம் கருணைக்கொலை பற்றிப் பேசுவது கடமை. உயிரோடு ஃப்ரீசரில் வைக்கும் பழைய பழக்கம் ஏற்கத்தக்கதில்லை. ஆழ்ந்த மயக்கம், பிறகு பென்டோபார்பிட்டல் என்னும் மருந்தூசி, அதன்பின் மூளையை ஊசியால் அழிப்பது என்பதே வரிசை. கடைசிப் படியை விடக்கூடாது: ஊர்வனவற்றின் மூளை ஆக்சிஜன் இல்லாமலும் வெகுநேரம் தாங்கும், இதயத்துடிப்பு நின்றதை மட்டும் வைத்து மரணத்தை உறுதி செய்ய முடியாது.